அடித்தவருக்கே தினமும் டீ ஆற்றிக் கொடுக்கிறேன்

வாசகர் கடிதம்:

“அம்மா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். வயது 33. பினாங்கில் ஒரு உணவகத்தில் தண்ணீர் கலக்குகிற வேலை, அதாவது டீ, காபி போடுவது. மத்தியானம் மூன்று மணிக்கு ஏறி ராத்திரி மூன்று மணிக்கு இறங்குகிறேன். வந்து மூன்று வருஷம் ஆகிறது. மனைவியும் 6 வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கு இன்னும் வட்டி போய்க்கொண்டிருக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு முன்னால் ஒருநாள், கல்லாவில் பணம் குறைகிறது என்று முதலாளியின் மச்சான் எல்லோர் முன்னாலும் என்னைக் காதோடு சேர்த்து அறைந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கணக்கில்தான் தப்பு என்று தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தினமும் கடைக்கு வருகிறார். அடித்தவருக்கே தினமும் டீ ஆற்றிக் கொடுக்கிறேன்.

இடது காதில் அன்றிலிருந்து ‘ஙொய்’ என்று ஒரு இரைச்சல். தூக்கம் போய்விட்டது. ராத்திரி ஷட்டர் இறக்குகிற சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. மாடியில் எட்டுப் பேரோடு படுக்கிறேன், யாராவது எழுந்து நடந்தாலே விழித்துக்கொள்கிறேன். இப்போது தினமும் கொஞ்சம் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தால்தான் கண் மூடுகிறது. வீட்டுக்குப் போன் போட்டால் கத்திவிடுகிறேன். ‘இப்படிப் பேசுவதற்கு நீங்கள் போனே பண்ண வேண்டாம்’ என்று மனைவி சொல்லிவிட்டாள். அடி வாங்கியது அவளுக்குத் தெரியாது. போன மாதம் புதிதாக வந்த பையன் ஒருவன் கண்ணாடிக் குவளையைப் போட்டு உடைத்தான். அவனை அறைந்துவிட்டேன். 19 வயதுப் பையன். எனக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று அம்மா தாயத்து அனுப்பியிருக்கிறார்கள். சில நேரம் போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? ஊருக்கே திரும்பிவிட்டால் சரியாகிவிடுமா? பெயர் போட வேண்டாம்.”

பதில்:

தம்பி, உங்கள் பெயரும் கடையின் பெயரும் வெளியே வராது. கடை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றிரண்டு வரிகளையும் எடுத்துவிட்டோம்.

உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிற வரிக்கு வருகிறேன். ‘போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி.’ இந்த நினைப்பு வந்துவிட்டு உடனே போய்விடுகிறதா, இல்லை எப்படி, எங்கே, எப்போது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டதா? கணக்குப் போடுகிறது என்றால், இந்தப் பக்கத்தை மேற்கொண்டு படிக்கும் முன்னால் ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மாடியில் கூடப் படுக்கிற எட்டுப் பேரில் ஒருவரையாவது நம்புவீர்கள் அல்லவா? “எனக்கு இப்படித் தோன்றுகிறது, இன்றைக்கு என்னைத் தனியாக விடாதே” என்றால் போதும். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. எந்த நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ‘தாலியான் ஹீல்’ எண் 15555. எதற்கு அழைத்தாலும், தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று எடுத்தவுடன் கேளுங்கள். ‘இதைச் சொன்னால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ’ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். தற்கொலைக்கு முயன்றால் குற்றம் என்றிருந்த 309ஆம் பிரிவை மலேசியா 2023இல் எடுத்துவிட்டது. குடித்திருக்கிற நேரத்தில்தான் இந்த நினைப்புக்குக் கை கால் முளைக்கும். அதனால் சம்சு பற்றியும் பேசியாக வேண்டும். அதற்கு முன்னால் காது.

ஆமாம், காதுதான். மனநல ஆலோசகரிடம் கேட்டால் இவர் காதைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். உள்ளங்கை விரித்தபடி காதில் விழுகிற அறை செவிப்பறையைக் கிழித்துவிடக்கூடும். சின்னக் கிழிசல் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். ஆறு மாதம் கழிந்தும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை தலைக்குக் குளிக்கும்போது அந்தக் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் சொல்வார்கள் என்று பூண்டுத் தைலம் காய்ச்சி ஊற்ற வேண்டாம். பாதித் தூக்கம் இந்த இரைச்சலாலேயே போயிருக்கலாம். கடைச் சத்தத்தில் அது தெரியாது. விளக்கை அணைத்துப் படுத்ததும் அது மட்டும்தான் கேட்கும், கேட்கும்போதெல்லாம் அடித்த கையும் நினைவுக்கு வரும். கிளினிக்கில் மலாயில் சொல்ல வேண்டியிருந்தால் “தெலிங்கா கிரி பெர்டெங்கோங், கெனா தம்பார்” என்று சொல்லுங்கள். இடது காது இரைகிறது, அறை வாங்கினேன் என்று அர்த்தம். ‘கெனா தம்பார்’ என்பதை விட்டுவிடாதீர்கள். கீழே விழுந்தேன், பைப்பில் இடித்துக்கொண்டேன் என்றெல்லாம் சொல்லி யாரையும் காப்பாற்ற வேண்டாம். டாக்டர் எழுதுகிற தாள் பிறகு உங்களுக்கு உதவும். ரசீதையும் அதையும் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் அங்கே ஒரு பிரதி இருக்கும்.

இனி உங்கள் கேள்வி. ஷட்டர் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுவது, யார் நடந்தாலும் விழிப்பது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், எதிரே இருப்பவர் கையைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது (இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன்). இவை எல்லாம் அடிபட்ட உடம்பு காவலுக்கு நிற்கிற அடையாளங்கள். ஆபத்து வந்தால் ஓடு, இல்லை எதிர்த்து நில் என்று உடம்புக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. உங்களுக்கு அன்று இரண்டுக்கும் வழியில்லை. ஓடினால் பாஸ்போர்ட் போச்சு, எதிர்த்தால் வேலை போச்சு. எல்லோர் முன்னாலும் அசையாமல் நின்றீர்கள். அப்போது கிளம்பிய வேகம் இன்னும் அடங்கவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் இதே மாதிரி அறிகுறிகளைப் பார்த்துத்தான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை ‘பி.டி.எஸ்.டி.’ (அதிர்ச்சிக்குப் பின் வருகிற மனப் பாதிப்பு) என்று ஒரு நோயாகப் பெயரிட்டுத் தங்கள் நோய்ப் பட்டியல் புத்தகத்தில் ஏற்றினார்கள். போருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வருவது இல்லை இது.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பெயரை நான் சட்டென்று ஒட்டத் தயங்குகிறேன். அந்த நோயின் இலக்கணம், முடிந்துபோன ஆபத்தை உடம்பு முடியாததாக நினைத்துக்கொண்டிருப்பது. உங்களுக்கு ஆபத்து எங்கே முடிந்தது? அந்த ஆள் தினமும் வருகிறார். ‘தே தாரிக் குராங் மானிஸ்’ என்கிறார். நீங்கள் சீனியைக் குறைத்து, ஆற்றி, நுரையோடு கொண்டுபோய் வைக்கிறீர்கள். பாஸ்போர்ட் அவர்கள் வீட்டு அலமாரியில். வேலை பெர்மிட் அவர்கள் பெயரில். இந்த நிலைமையில் உங்கள் உடம்பு காவலுக்கு நிற்பது கோளாறு இல்லை, அது சரியாகத்தான் கணித்திருக்கிறது. மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று நான் எழுதினால் அது உங்கள் காவல்காரனைத் தூங்கச் சொல்வது மாதிரி. காவல் தேவைப்படாத நிலைமையை முதலில் கொண்டுவர வேண்டும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவுக்குப் போன இலங்கைத் தமிழர்களிடம், தஞ்சம் கேட்டு வந்தவர்கள், அகதிகள், குடியேறியவர்கள் என்று எல்லாரிடமும் ஓர் ஆய்வு செய்து 1999இல் வெளியிட்டார்கள். போரில் பட்டது ஒரு பங்கு என்றால், போன நாட்டில் படுகிற பாடும் அவர்களுடைய மனக்காயத்தில் ஒரு கணிசமான பங்கு என்று அதில் தெரிந்தது. விசா என்ன ஆகுமோ என்கிற பயம், வேலை, பிரிந்த குடும்பம், இதெல்லாம். பார்சிலோனாவில் ஹோசெபா அச்சோதெகி என்று ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார். குடியேறி வருகிறவர்களுக்கு ஏழு வகை இழப்புத் துக்கம் உண்டு என்பார். குடும்பம், மொழி, பண்பாடு, மண், அந்தஸ்து, தன் கூட்டம், உடம்புக்கான பாதுகாப்பு. இந்த ஏழும் ஒரே நேரத்தில் அழுத்தும்போது தூக்கமின்மை, தலைவலி, அழுகை எல்லாம் வரும், அதை உடனே மனநோய் என்று முத்திரை குத்தாதீர்கள் என்பது அவர் வாதம்.

அந்த ஏழில் மொழியும் பண்பாடும் உங்களுக்கு இங்கே குறையில்லை என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். லிட்டில் இந்தியாவில் இறங்கினால் காதுக்குத் தமிழ்ப் பாட்டு, மூக்குக்கு மல்லிகைப்பூ. லெபோ குயின் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தண்ணீர்மலை முருகன் இருக்கிறார். அப்புறம் என்ன? என்னவென்றால், உங்களை அடித்தவரும் தமிழில்தான் திட்டிவிட்டு அடித்தார். முன்பின் தெரியாத பாஷைக்காரன் அடித்திருந்தால் ‘அவன் யாரோ’ என்று ஒரு மூலையில் தள்ளிவிடலாம். நம் ஆள் அடித்தால் அப்படித் தள்ள முடிவதில்லை. பக்கத்தில் நின்றவர்களும் நம் ஆட்கள். ‘விடுப்பா, பெரிசு பண்ணாதே, நம்ம ஆளுதானே’ என்று ஒருவராவது சொல்லியிருப்பார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், எங்களில் சிலருக்கு, இந்தியாவிலிருந்து வந்தவர்களை ‘ஊர்க்காரன்’ என்று சொல்லும்போதே வாய் ஒரு பக்கம் கோணும். எங்கள் தாத்தா பாட்டிகளும் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி, புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்துதான் இந்தக் கரையில் கால் வைத்தார்கள் என்பது அப்போது மறந்துபோகும். அது இருக்கட்டும். நீங்கள் இழந்ததில் பெரியது அந்தஸ்து என்றுதான் எனக்குப் படுகிறது. ஊரில் நீங்கள் ஒரு வீட்டின் தலைவர், ஒரு பெண் குழந்தையின் அப்பா. இங்கே 33 வயதில் ‘டேய்’. அந்த அறை பணத்துக்காக விழுந்தது, ஆனால் பட்டது இந்த இடத்தில்.

சரி, காகித விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் செய்யக்கூடாதது. ஒரு ராத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்கு ஓடிப்போகாதீர்கள். கூட வேலை செய்கிறவர்கள், ‘கோலாலம்பூரில் நமக்குத் தெரிந்த கடை இருக்கு, வா’ என்பார்கள். உங்கள் பெர்மிட் இந்த முதலாளியோடு கட்டப்பட்டது. ஆள் ஓடிவிட்டார் என்று அவர் குடிநுழைவுத் துறையில் எழுதிக்கொடுத்துவிட்டால் பெர்மிட் ரத்து, அடுத்த சோதனையில் தடுப்பு முகாம். அடித்தவர் வெளியே இருப்பார், அடிபட்டவர் உள்ளே இருப்பார்.

அடுத்து, உங்கள் பெர்மிட் எந்தத் தேதி வரை என்று தெரியுமா? நிறையப் பேருக்குத் தெரியாது. லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்கான வரி, கட்டியாச்சு என்று முதலாளி சொன்னதோடு சரி. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் பெர்மிட் ஒட்டியிருக்கிற பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். மனைவிக்கு வங்கிக் கணக்குக்குத் தேவைப்படுகிறது என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதற்காகப் பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்திருப்பது நியாயமாகிவிடாது. சட்டப்படி உரிமையில்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வாங்கி வைத்தேன்’ என்று எல்லா முதலாளிகளும் சொல்வார்கள். பத்திரமாக இருக்க வேண்டுமானால் சாவி உங்களிடம் இருக்கிற ஒரு பூட்டுப் பெட்டி போதும்.

அடித்ததும் குற்றம்தான், தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவு. எந்தக் காவல் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம், ஒரு நகல் வாங்கிக்கொள்ளலாம். பயமுறுத்தியோ ஏமாற்றியோ வேலை வாங்கிக்கொண்டு, வெளியேற விடாமல் வைத்திருந்தால் அது கட்டாய உழைப்பு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 90பி என்று ஒரு பிரிவு சேர்த்து 2023 முதல் அதைக் குற்றமாக்கியிருக்கிறார்கள். அதே சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது, ஒரு நாள் ஓய்வு என்கிறது. நீங்கள் மத்தியானம் மூன்று மணிக்கு ஏறி ராத்திரி மூன்று மணிக்கு இறங்குவதாக எழுதியிருந்தீர்கள். லீவு பற்றி ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். இதற்கெல்லாம் புகார் வாங்குகிற இடம் தொழிலாளர் துறை. ‘ஜபாத்தான் தெனாகா கெர்ஜா’ என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. பெர்மிட் தேதி முடிந்துவிட்டது என்று தெரியவந்தால் தனியாக எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். கோலாலம்பூர்ப் பக்கம், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற தெனகானித்தா என்ற அமைப்பு இருக்கிறது. ஐரீன் ஃபெர்னாண்டஸ் 1991இல் தொடங்கியது. தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை எழுதியதற்காக அந்த அம்மையார் மீதே வழக்குப் போட்டார்கள், வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து 2008இல்தான் விடுதலையானார். இன்று அவர் இல்லை, அமைப்பு இருக்கிறது. முதலில் அவர்களோடு போனில் பேசிவிட்டு, என்ன செய்யலாம் என்று முடிவு செய்யுங்கள். இந்தியத் தூதரகத்தில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. நெருக்கடியில் மாட்டிய தொழிலாளிக்கு டிக்கெட், தங்குமிடம், சட்ட உதவி இவற்றுக்காக ஏற்படுத்தியது. தூதரகம் கோலாலம்பூரில்தான், இருந்தாலும் போனில் தொடங்கலாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் என்ன செய்வேன் என்றால், முதலாளியிடம் பேசுவேன். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், முதலாளி உங்களை அடித்ததாக எங்கேயும் இல்லை. மச்சான் சட்டென்று கை நீட்டி அடிக்கிறவர் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பெரியவரை, கோயில் நிர்வாகத்திலோ பள்ளிவாசலிலோ அவர் மதிக்கிற ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். இனி அந்த ஆள் உங்கள் மேல் கை வைக்கக் கூடாது, பாஸ்போர்ட் உங்களிடம் வர வேண்டும், வாரம் ஒருநாள் லீவு வேண்டும். மன்னிப்பு கேட்கச் சொல்லி அதிலேயே பேச்சு முறிந்துவிட வேண்டாம். அது வந்தால் நல்லது. போவதற்கு முன்னால் அடி விழுந்த தேதி, நேரம், யார் யார் பார்த்தார்கள், எல்லாவற்றையும் உங்கள் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதலாளியும் அடிக்கிற ஜாதிதான் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், நேராகப் புகார்.

இப்போது அந்தப் பையன்.

நீங்கள் பட்ட அடிக்கு இவ்வளவு எழுதினேன். அவன் பட்ட அடிக்கும் இதே நீளத்துக்கு எழுத வேண்டும். அவனும் கடன் வாங்கி வந்தவன்தான். அவன் பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில்தான் இருக்கும். மாடியில் உங்களுக்கு நாலு பாய் தள்ளி அவன் தூங்காமல் கிடப்பான், நீங்கள் எழுந்து நடந்தால் விழித்துக்கொள்வான். உங்களுக்கு நடந்ததால்தான் கை ஓங்கியது என்பது காரணம். அது நியாயம் ஆகாது, நீங்களும் அப்படிக் கேட்கவில்லை. அதை மறைக்காமல் எழுதியதே எனக்கு நம்பிக்கை தருகிறது. எல்லோர் முன்னாலும் அடித்தீர்கள் என்றால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள். சுருக்கமாக, “தம்பி, அன்றைக்கு நான் செய்தது தப்பு” என்று. உங்கள் கதையை அவனிடம் சொல்லி அழ வேண்டாம், அது அவன் மேல் இன்னொரு சுமை.

கை எழும்புவதற்கு ஒரு நொடி முன்னால் உடம்பு சொல்லும். சிலருக்குத் தாடை இறுகும். உங்களுக்குக் காது இரைச்சல் கூடும் என்று நினைக்கிறேன், கவனித்துப் பாருங்கள். அது கூடினால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகச் சந்துக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் ரொட்டி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், “நான் சட்டென்று வெளியே போனால் இரண்டு நிமிஷம் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொள்” என்று. ஷட்டருக்கும் ஒரு யோசனை உண்டு. அந்தச் சத்தம் எப்போது வருமென்று காத்துக்கொண்டிருப்பதில்தான் பாதிப் பயம். கொஞ்ச நாளைக்கு ஷட்டரை நீங்களே இறக்குங்கள், முதலில் மெதுவாக. நம் கையிலிருந்து வருகிற சத்தத்துக்கு உடம்பு அவ்வளவாகத் திடுக்கிடாது. மாடியில் கதவைப் பார்த்தபடி தலை வைத்துப் படுக்க முடியுமானால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், சிலருக்கு நன்றாகவே உதவுகிறது.

சம்சு கண்ணை மூடவைக்கும், தூங்கவைக்காது. போதை இறங்குகிற பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும், கெட்ட கனவுகளையும் கொண்டுவரும். ‘தினமும் கொஞ்சம்’ என்பது எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஒருநாள் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், ஆபத்து. காதுக்குப் போகிற டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், தூக்கமின்மையையும் சொல்லுங்கள். தேவையென்றால் அவர் பினாங்குப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். அங்கே வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், அதனால் எவ்வளவு ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி உண்டு. கடையில் விழுந்த அடிக்கு அதில் ஏதாவது கிடைக்குமா என்பதையும் விசாரித்து வையுங்கள்.

தாயத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அம்மாவின் மனசு அதில் இருக்கிறது. ஆனால் செய்வினை எடுக்க இன்னும் இவ்வளவு அனுப்பு என்று கேட்டு வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வினை செய்தவர் யாரென்று உங்களுக்கே தெரியும், குறி கேட்க வேண்டியதில்லை.

மனைவி. கடை மூடி மூன்று மணிக்கு நீங்கள் போன் எடுக்கும்போது ஊரில் ராத்திரி பன்னிரண்டரை. அவர் தூக்கக் கலக்கத்தில் எடுக்கிறார், நீங்கள் 12 மணி நேரம் நின்ற களைப்பிலும் சம்சுவின் வேகத்திலும் பேசுகிறீர்கள். அந்த நேரத்தில் யார் பேசினாலும் சண்டைதான் வரும். அந்தப் போனை விட்டுவிடுங்கள். நீங்கள் தூங்கி எழுந்து இங்கே பத்தரை மணி என்றால் அங்கே எட்டு மணி, மகள் பள்ளிக்குப் புறப்படுகிற நேரம். தலை பின்னிக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிஷம் பேசினால் போதும். சம்பளம், வட்டி, தவணை இவற்றை வாரத்துக்கு ஒருநாள் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அடி வாங்கியதை அவரிடம் சொல்லுங்கள். ஆம்பிளை அடி வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது என்று இத்தனை மாதம் விழுங்கிவிட்டீர்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் தைப்பூசத்துக்குப் பிறகு கத்த ஆரம்பித்துவிட்டார் என்பதுதான். காரணம் தெரியாதவர்கள் காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். வேறு பெண் இருக்கிறாளோ என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். பேச வாய் வராவிட்டால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். “எனக்கு இங்கே ஒரு அடி விழுந்தது. அதிலிருந்து தூக்கமில்லை. உன்மேல் கோபம் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறேன்.” இவ்வளவு போதும். அவருக்கும் மனது தாங்கவில்லை என்றால் இந்தியாவில் 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, ஊருக்குப் போய்விடலாமா? தூங்காத மனிதர் எடுக்கிற முடிவில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் காதைப் பார்த்து, இரண்டு மூன்று வாரமாவது ஓரளவு தூங்கிய பிறகு இதை யோசியுங்கள் என்பேன். போனால் ஷட்டர் சத்தம் இருக்காது, மகள் இருப்பாள். ஆனால் வட்டிக்காரர் இருப்பார், ‘அதுக்குள்ள வந்துட்டியா’ என்று கேட்கிற தெரு இருக்கும். அடி விஷயத்தை மூடிவைத்துக்கொண்டே போனால் கத்தலும் கூடவே வரும். அதற்காக என்ன ஆனாலும் கடன் அடையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். மறுபடி உங்கள் மேல் கை விழுந்தால், அல்லது பேசிப்பார்த்தும் பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால், அதற்குமேல் அங்கே இருக்க வேண்டாம். அப்போதும் போகிற வழி முறையான வழியாக இருக்கட்டும். முதலாளி பெர்மிட்டை ரத்து செய்து அனுப்பவேண்டும், அவர் மறுத்தால் தெனகானித்தா வழியாகவோ தூதரகம் வழியாகவோ. சம்பள பாக்கிக் கணக்கை எழுதி முதலாளியின் கையெழுத்து வாங்குங்கள், கடைசி மாதச் சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் டிக்கெட் மட்டும் போட்டுவிடாதீர்கள்.